சட்டை போட்ட எலி

என்ன வேலை பார்க்கிறாய் என்று யாராவது கேட்டால், ஆராய்ச்சிக்கூடத்தில் வேலை என்று சொல்லிவிட்டுப் பேச்சை மாற்றிவிடுவேன். மேற்கொண்டு கேட்டால் எலி பார்க்கிறேன் என்று சொல்ல வேண்டியிருக்கும். எலி பிடிக்கிற வேலை என்றால்கூட ஜனங்களுக்குப் புரிகிறது. எலி பார்ப்பதற்குச் சம்பளமா என்று மூக்கின்மேல் விரல் வைக்கிறார்கள். ஆனால் உண்மை அதுதான். மலேசியாவில், ஜொகூர் பாருவுக்கு வெளியே, செம்பனைத் தோட்டத்தை அழித்துக் கட்டிய ஒரு கல்லூரி வளாகத்தில், சன்னல் இல்லாத குளிர் அறையில் உட்கார்ந்து பத்து வருஷமாகச் சுண்டெலிகளைப் பார்த்து வருகிறேன்.

எங்கள் எலிகள் சாக்கடை எலிகள் அல்ல. வம்சாவளி தெரிந்த எலிகள். மூளையின் நரம்பணுக்களில் உப்பு போய்வரச் சின்னச் சின்னக் கதவுகள் இருக்கின்றன. அந்தக் கதவை எப்படிச் செய்வது என்று சொல்லிக்கொடுக்கிற மரபணுவில் பழுது இருந்தால் கதவு நேரத்துக்குச் சாத்தாது, நரம்பு தறிகெட்டு ஓடும். வலிப்பு பரம்பரையாக வருகிற சில குடும்பங்களில் இந்தப் பழுது உண்டு. அதே பழுதை எலிக்குள் உண்டாக்கி, அது என்ன செய்கிறது என்று கவனிப்பதுதான் எங்கள் ஆராய்ச்சி. மலையைத் தோண்டி எலியைப் பிடித்த கதை என்பார்கள். நாங்கள் எலியைப் பிடித்துக்கொண்டு மலையைத் தோண்டுகிறவர்கள்.

இப்படி மனிதனுக்குப் பதிலாக நோயைச் சுமக்கிற எலிக்கு ‘மாடல்’ என்று பெயர். இதை முதன்முதலில் வீட்டில் சொன்னபோது என் கணவர், “எலி மாடலா? அப்ப கேட்வாக்குன்னு சொன்னா பயந்து ஓடிடுமே லா!” என்றார். அந்தக் கிண்டலை அவர் ஒரு வாரம் வைத்துச் சாப்பிட்டார்.

எங்கள் கூடத்தின் தலைவி ஒரு சீன அம்மாள். நான் அவரை டாக்டரம்மா என்றுதான் சொல்வேன். அவரிடம் ஒரே ஒரு சட்டம்: பார்த்ததை எழுது, நினைத்ததை எழுதாதே. அதற்கென்று ஒரு படிவம் உண்டு. மணி என்ன, எலி என்ன செய்துகொண்டிருந்தது, எது நின்றது, எத்தனை விநாடி. அவ்வளவுதான். வலிப்பு என்றதும் எல்லோரும் கை கால் வெட்டி வெட்டி இழுப்பதை நினைக்கிறார்கள். எங்கள் எலிகள் பெரும்பாலும் அப்படிச் செய்வதில்லை. தின்றுகொண்டே இருக்கும், திடீரென்று நின்றுவிடும். வாயில் ஒன்றும் இல்லாமல் வாய் மெல்லும். முன்கால் எதையோ தடவும். பிறகு விட்ட இடத்திலிருந்து தின்னும். சும்மா பார்க்கிறவர்களுக்கு எலி ஏதோ யோசிக்கிறது என்று தோன்றும். எது பழுதான எலி, எது நல்ல எலி என்று எனக்குச் சொல்ல மாட்டார்கள்; தெரிந்தால் கண் பொய் சொல்லும் என்பது டாக்டரம்மாவின் கட்சி. சொல்லாவிட்டால் என்ன, பழுதான எலியை மூன்றே விநாடியில் கண்டுபிடித்துவிடுவேன். அதில் எனக்குக் கொஞ்சம் தலைக்கனமும் உண்டு.

என் வீட்டில் இருந்ததைக் கண்டுபிடிக்க எனக்கு நான்கு வருஷம் ஆயிற்று.

நாங்கள் இருப்பது ஜொகூர் பாருவுக்கு வடக்கே, கூலாயில். என் கணவருக்குச் சிங்கப்பூரில் ஒரு தொழிற்சாலையில் வேலை. இயந்திர உறுப்புகளை அளந்து பார்த்து, சரி, சரியில்லை என்று சொல்கிற வேலை. பதினெட்டு வருஷமாக, விடிவதற்கு முன்னால் மோட்டார் சைக்கிளில் கிளம்பி, நெடுஞ்சாலையில் போய், ஜொகூர்ப் பாலத்தில் ஆயிரக்கணக்கான மோட்டார் சைக்கிள்களோடு ஊர்ந்து, ஏழு மணிக்கு அங்கே நிற்பார். நிதானமான மனிதர். ஒரு கேள்வி கேட்டால் உடனே பதில் வராது. பத்து விநாடி எங்கேயோ பார்ப்பார், பிறகுதான் வரும். எங்கள் வீட்டில் அதற்கு ‘யோசனை’ என்று பெயர். “அப்பா யோசனையில இருக்காரு, அப்பறம் கேளு,” என்று எங்கள் மகள்கூடச் சொல்வாள்.

இந்த யோசனையால் அவருக்கு ஊரில் நல்ல பெயர். எங்கள் மாதா கோயிலைச் சேர்ந்த பத்துப் பன்னிரண்டு குடும்பங்கள் வாரம் ஒரு வீட்டில் கூடி ஜெபம் செய்வோம், அன்பியம் என்போம். ஒருமுறை எங்கள் வீட்டில் அவர் ஜெபமாலை சொல்லி நடத்தினார். மங்கள வார்த்தை ஜெபத்தின் நடுவில் சட்டென்று நின்றுவிட்டார். கண் திறந்தபடி, உதடு மட்டும் அசைய, விரல் ஒரே மணியைத் தேய்த்துக்கொண்டே இருந்தது. எல்லோரும் தலை குனிந்தார்கள். பிறகு ஒன்றும் நடக்காததுபோல் அவர் தொடர்ந்தார். அன்று பலகாரம் சாப்பிடும்போது பெண்களெல்லாம் என்னிடம், “என்னா பக்தி! நீங்க குடுத்து வெச்சவங்க,” என்றார்கள். அடுத்த மாதம் அவரையே அன்பியத் தலைவர் ஆக்கினார்கள். வாக்குவாதம் வரும்போது அவர் பத்து விநாடி மௌனமாக இருந்தால் இரண்டு பக்கமும் தானாகவே அடங்கிவிடும். இதைக் குறை சொல்ல யாருக்கு மனசு வரும்?

ஒருநாள் மாலை அவர் வேலை முடிந்து வரத் தாமதம். கேட்டதற்கு, “கூலாய் எக்ஸிட்ட விட்டுட்டேன். யோசனையில அடுத்த எக்ஸிட், செடெனாக் வரைக்கும் போயிட்டேன் லா,” என்றார். குடும்பமே சிரித்தது. நானும் சிரித்தேன்.

பிறகு ஒரு சனிக்கிழமை மத்தியானம், சோற்றைப் பிசைந்துகொண்டே ஏதோ சொல்ல வந்தவர் நின்றார். இடது கை சட்டைப் பொத்தானைத் தடவத் தொடங்கியது. வாயில் இருந்ததை விழுங்கியாகிவிட்டது, ஆனாலும் வாய் மென்றது. நான் யோசிக்கவே இல்லை. என் மனசு தானாக ஒன்று, இரண்டு என்று எண்ண ஆரம்பித்துவிட்டது. ஒன்பதில் அவர் திரும்பி வந்தார். “சம்பல்ல உப்பு கம்மி,” என்றார். அவர் யோசிக்கவில்லை. அந்த ஒன்பது விநாடியில் அந்த நாற்காலியில் யாருமே இல்லை.

அன்றைக்கே கேட்டேன். “என்னங்க, உங்களுக்கு அப்பப்ப நெனவு தப்புதுங்க. டாக்டர்கிட்ட போலாமா?”

“எனக்கு என்ன, காக்கா வலிப்பா? கை கால் இழுக்குதா, வாயில நொர தள்ளுதா? எலியப் பார்த்துப் பார்த்து ஒனக்கு எல்லாரும் எலியாத் தெரியறாங்க.”

இந்தக் காக்காயைப் பற்றி இங்கே சொல்ல வேண்டும். எங்கள் கூடத்தில் ஒருநாள் தேநீர் வேளையில், இந்த நோய்க்கு உங்கள் பாஷையில் என்ன பெயர் என்று டாக்டரம்மா கேட்டார். மலாயில் ‘கீலா பாபி’, பன்றிப் பைத்தியம். சீனத்தில் ஆட்டுப் பைத்தியம் என்று அவரே சொன்னார். தமிழில் காக்காய் வலிப்பு என்றேன் நான். மூன்று இனமும் இவ்வளவு ஒற்றுமையாக ஒரு காரியம் செய்து நான் பார்த்ததில்லை. ஆளுக்கொரு மிருகத்தின் தலையில் பழியைப் போட்டிருக்கிறோம். எலி மாடலெல்லாம் நேற்று வந்தது, நாங்கள் அந்தக் காலத்திலேயே மாடல் வைத்திருந்தவர்கள் என்று சொல்லிச் சிரித்தோம். பிற்பாடு மகளின் தமிழ் ஆசிரியை சொல்லித்தான் எனக்கே தெரிந்தது, அது காக்காயே இல்லை. கால் கை வலிப்பு. வேகமாகச் சொல்லிச் சொல்லித் தேய்ந்து காக்காய் ஆகிவிட்டது. ஒரு பாவமும் அறியாத பறவை தலைமுறை தலைமுறையாக அந்தப் பழியைச் சுமக்கிறது.

காக்காய்க்கு நேர்ந்தது போகட்டும். அந்தப் பெயர் செய்த நிஜமான கெடுதல் வேறு. பெயரிலேயே காலும் கையும் இருப்பதால், காலும் கையும் இழுக்காதவனுக்கு அந்த நோய் இல்லை என்று ஆகிவிட்டது. என் கணவரின் நோய்க்கு எங்கள் வீட்டுத் தமிழில் பெயரே கிடையாது. இருந்த ஒரே பெயர் யோசனை. யோசனைக்கு யார் மருந்து சாப்பிடுவார்கள்?

அவர் பயந்தது எனக்குப் புரியாமல் இல்லை. ஒரு மருத்துவர் தாளில் அந்த வார்த்தையை எழுதிவிட்டால் வண்டி ஓட்டக் கூடாது. வண்டி இல்லாமல், பஸ் மாறி பஸ் ஏறி, ஏழு மணிக்குச் சிங்கப்பூரில் நிற்க முடியாது. வேலை போகும். எனக்கு இன்னொன்றும் தெரியும். அந்த யோசனை சாப்பாட்டு மேசையில் வருவதுபோல் சாலையிலும் வரும். வந்தால் ஆளே போய்விடுவார்.

இவ்வளவு தெரிந்தவள் என்ன செய்தேன்? படிவத்தை எடுத்தேன். பையில் எப்போதும் பத்துப் படிவம் கிடக்கும். மணி, செயல், நின்றது எது, எத்தனை விநாடி. ஒரு தாள் நிறைந்தது, இன்னொன்று எடுத்தேன். ஆதாரம் போதாது, இன்னும் கொஞ்சம் சேரட்டும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். ஏழு மாதம் சேர்த்தேன். காலையில் அவர் கிளம்பினால், “சேர்ந்துட்டேன்” என்று போனில் செய்தி வரும் வரைக்கும் எனக்கு உயிர் இருக்காது. ஆனால் கை மட்டும் ஒழுங்காக எழுதிக்கொண்டே இருந்தது. தலைவலியும் காய்ச்சலும் தனக்கு வந்தால்தான் தெரியும் என்பார்கள். வந்த பிறகும் எனக்குப் படிவம்தான் தெரிந்தது.

ஒரு திங்கட்கிழமை டாக்டரம்மா என்னைத் தன் அறைக்குக் கூப்பிட்டார். அவர் பேசுவது மலாயும் ஆங்கிலமும் கலந்த பேச்சு. தமிழில் சொன்னால் இப்படி:

“இந்த எலி ரொம்ப நல்ல கேஸ். பதினாலு தாள் இருக்கு, பதிவெல்லாம் சுத்தமா இருக்கு. ஆனா கூண்டு நம்பர் எழுதல, எடை எழுதல. இது எந்தக் கூண்டு?”

வெள்ளிக்கிழமை அவசரத்தில் பையிலிருந்த தாள்களை மொத்தமாகக் கோப்பில் செருகிவிட்டிருக்கிறேன். டாக்டரம்மா விரலை வைத்துப் படித்துக்கொண்டே போனார்.

“முன்கால்னு எழுதாம கைன்னு எழுதியிருக்கீங்க. சரி, அவசரம். உணவு, தோசை. அலாமாக், எலிக்குத் தோசை குடுத்தது யாரு?” அடுத்த வரியில் விரல் நின்றது. “சட்டைப் பொத்தானைத் தடவுகிறது.” கண்ணாடியைக் கழற்றிவிட்டு என்னைப் பார்த்தார். “எலிக்குச் சட்டை போட்டு விட்டீங்களா?”

சிரிக்கப் பார்த்தேன். அழுகைதான் வந்தது. “இது வீட்டுல இருக்கு, டாக்டர். கூலாய்ல,” என்றேன்.

அவர் சிரிக்கவில்லை. “அவரு வண்டி ஓட்டுறாரா?” என்று மட்டும் கேட்டார்.

“தினமும். சிங்கப்பூருக்கு. மோட்டார் சைக்கிள்ல.”

முதல் தாளுக்குத் திருப்பித் தேதியைப் பார்த்தார். “எலியா இருந்தா ரெண்டு வாரத்துல பதிவ நிறுத்திட்டு அடுத்த வேலைக்குப் போயிருப்போம். ஏழு மாசமா நீங்க எதுக்குக் காத்துக்கிட்டு இருக்கீங்க?”

என்னிடம் இருந்த பதில் சொல்லக்கூடியதாக இல்லை. எழுதிக்கொண்டிருக்கிற வரைக்கும் பேச வேண்டாம், சண்டை வேண்டாம், என் கணவர் வேலையைக் கெடுத்த பாவம் எனக்கு வேண்டாம். எலிகளுக்கு நான் காட்டிய நேர்மையை என் புருஷனுக்குக் காட்டவில்லை. வெட்கமாக இருந்தது. டாக்டரம்மா தாள்களை அடுக்கி என் கையில் கொடுத்தார். “இந்த எலி என் ஆராய்ச்சியில இல்ல,” என்றார்.

அன்று மாலை என் கணவர் குளித்துவிட்டுச் சாப்பிட வந்தபோது, தட்டு வைக்கிற இடத்தில் பதினான்கு தாள்களையும் வைத்தேன். அளவு எழுதிய எந்தத் தாளையும் படிக்காமல் விடுகிற மனிதர் அல்ல அவர். உட்கார்ந்து முதலிலிருந்து கடைசிவரை படித்தார்.

“விநாடிய எதுல பார்த்த?”

“கை வாட்ச்லங்க.”

“அத எப்ப செக் பண்ண? சரியா ஓடுதுன்னு ஒனக்கு எப்படித் தெரியும்?” என்றார். அதன் பிறகுதான் தாளில் இருப்பது தான் என்பது அவருக்கு முழுசாக உறைத்திருக்க வேண்டும். முகம் கறுத்துவிட்டது. “ஏழு மாசமா எதுத்தாப்புல ஒக்காந்து சோறு போட்டுட்டு இதான் பண்ணியா? நான் ஒனக்கு எலியா?”

அவர் எழுந்தார். சமையலறை வாசலில் நின்று, திரும்பாமலே கேட்டார்:

“அந்த எலிங்கள கடைசில என்னா பண்ணுவீங்க?”

பத்து வருஷமாக அந்தக் கேள்விக்கு, ரிட்டயர் பண்ணி விட்டுருவோம் என்றுதான் வீட்டில் சொல்லி வந்திருக்கிறேன். அன்றைக்குப் பொய் சொல்லத் தெம்பில்லை. “மயக்கம் குடுத்து, வலி தெரியாம முடிச்சிருவோம். அப்பறம் மூளைய எடுத்து, மெல்லிசாச் சீவிப் பார்ப்போம்.” அவர் தன் தலையை ஒரு தடவை தொட்டுப் பார்த்துக்கொண்டார். பிறகு உள்ளே போய், சாப்பிடாத தட்டை வெகுநேரம் கழுவினார்.

நான்கு நாள் என்னோடு பேசவில்லை. வழக்கம்போல் விடியுமுன் கிளம்பிப் போனார். கோபத்திலும் “சேர்ந்துட்டேன்” மட்டும் தவறாமல் வந்தது. அந்த நான்கு நாளும் நான் பார்த்த எலிப் பதிவுகள் எதற்கும் உதவாது, தூக்கிப் போட்டுவிடுங்கள் என்று நானே டாக்டரம்மாவிடம் சொல்லிவிட்டேன்.

சனிக்கிழமை காலை, தேநீரைக் குடித்துக்கொண்டே அவராகத் தொடங்கினார். “ஒரே ஆளு, ஒரே வாட்ச்ல எடுத்த ரீடிங்க எங்க ஃபேக்டரில நான் ஏத்துக்கவே மாட்டேன். ரெண்டாவது ரீடிங் எடுப்போம். டாக்டர்கிட்ட வரேன். தப்புன்னு தெரிஞ்சா அந்தத் தாள எல்லாம் நீயே ஒன் கையால கிழிக்கணும்.”

“கிழிக்கறேங்க,” என்றேன். கிழிக்கிற நாள் வரவேண்டும் என்று மாதாவிடம் உண்மையாகவே வேண்டிக்கொண்டேன். ஆராய்ச்சி செய்கிற ஒருத்தி, தன் முடிவு தப்பாகிப்போக வேண்டும் என்று முட்டி போட்டது அப்போதுதான். டாக்டரம்மா யாருக்கோ போன் செய்து சொன்னதில் பத்தே நாளில் பெரிய மருத்துவமனையில் நேரம் கிடைத்தது. அந்தப் பத்து நாளும் என் கணவர் வண்டி ஓட்டினார்.

மருத்துவர் வயது குறைந்த மலாய்க்காரர். மலாயில் மரியாதையாகப் பேசினார். தலை சுற்றுகிறதா? இல்லை. தூக்கம் எப்படி? நல்ல தூக்கம். எப்போதாவது நினைவு தப்பியிருக்கிறதா? என் கணவர் முதுகை நிமிர்த்தி உட்கார்ந்துகொண்டார். இரண்டாவது ரீடிங்கில் ஜெயிக்கப்போகிற தைரியம் அவர் முகத்தில் தெரிந்தது.

“இல்ல டாக்டர். நான் அளவு பார்க்கற வேல செய்யறவன். ஒரு மில்லிமீட்டர் தப்புனாக்கூட எனக்கு உடனே...”

நின்றார். கை பொத்தானுக்குப் போனது.

மருத்துவர் அவரைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். நான் வாய்விட்டே எண்ணிக்கொண்டிருந்தேன் போலிருக்கிறது. எண்ணுங்கள் என்பதுபோல் மருத்துவர் தலையசைத்தபோதுதான் எனக்கே தெரிந்தது. நாலு, அஞ்சு. மருத்துவர் முன்னால் குனிந்து, தெளிவான குரலில், “மாங்காய். இந்த வார்த்தைய ஞாபகம் வெச்சுக்குங்க. மாங்காய்,” என்றார். ஒன்பது, பத்து, பதினொன்று.

“...தெரிஞ்சிடும்,” என்று என் கணவர் முடித்தார்.

“நான் இப்ப உங்ககிட்ட ஒரு வார்த்தை சொன்னேன். அது என்ன?”

அவர் மருத்துவரைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். “நீங்க ஒண்ணும் சொல்லலயே, டாக்டர்,” என்றார்.

மருந்து எழுதினார்கள். தலையில் ஒயர் ஒட்டி எடுக்கிற சோதனைக்குத் தேதி கொடுத்தார்கள். மரபணுச் சோதனைபற்றியும் பேசினார்கள். எனக்கு அதில் பாதி காதில் விழவில்லை. மறுபடி சொல்லும் வரைக்கும் வண்டி ஓட்டக் கூடாது என்று மருத்துவர் எழுதியே கொடுத்துவிட்டார். என் கணவர் எதற்கும் வாதாடவில்லை. அதுதான் எனக்குப் பயமாக இருந்தது.

கார் நிறுத்துமிடத்தில் நான் சக்கரத்தின் முன்னால் உட்கார்ந்தேன். அவர் பக்கத்தில். போனைக் கையில் எடுத்தார்.

“எத்தன?”

“பதினொண்ணுங்க.”

“சரியாப் பார்த்தியா?”

“டாக்டரும் பார்த்தாருங்க.”

“ஹைவேல நான் தொண்ணூறுல போவேன்,” என்றார். கணக்குப் போட்டார். தவறியிருக்குமோ என்று அழித்துவிட்டு மறுபடியும் போட்டார். இரண்டாவது முறையும் அதுவே வந்திருக்க வேண்டும். போனை என் பக்கம் திருப்பிக் காட்டினார். இருநூற்று எழுபத்தைந்து.

“மீட்டர்,” என்றார். “காலையில அந்த ரோடு எப்படி இருக்கும்னு ஒனக்குத் தெரியாது. முன்னாலயும் பின்னாலயும் பக்கத்துலயும் ஆளுங்க. பின்னால பொண்டாட்டிய ஏத்திட்டு வரவங்க இருப்பாங்க. எத்தன தடவையோ.” போனின் வெளிச்சம் அணைந்துவிட்டது. அவர் அதையே பார்த்துக்கொண்டிருந்தார். “இந்த எரநூத்தி எழுவத்தஞ்சு மீட்டர யாரு ஓட்டுனது?”

கல்யாணமான நாளிலிருந்து அவர் அழுது நான் பார்த்ததில்லை. அன்றைக்குப் பார்த்தேன். நான் காரைக் கிளப்பவில்லை, அவர் கையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். எவ்வளவு நேரம் என்று பார்க்கவில்லை.